மீன்பாட்டுப் புள்ளிவிவரங்களின் மறைகாப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

கடலில் யார், எங்கே, எந்த மீனை, எவ்வளவு பிடித்தார் என்று படகுக்காரர்களும் மீன் வியாபாரிகளும் அரசுக்குக் கொடுக்கும் கணக்கை, தனி ஆளின் அடையாளம் தெரியாதபடி தொகுத்து வெளியிடுவதற்கான சட்டமும் நடைமுறையும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. மீன் நிற்கும் இடம் தெரிந்திருப்பதுதான் மீனவரின் தொழில் முதல். அது அரசு ஏட்டின் வழியே போட்டியாளருக்குப் போய்ச் சேரும் என்ற அச்சம் இருந்தால், ஏட்டில் உண்மை ஏறாது. ஆகவே மறைகாப்பு மீனவருக்குக் காட்டும் சலுகை மட்டுமன்று. கணக்கு மெய்யாக இருப்பதற்கான அடிப்படையும் அதுவே.

அமெரிக்க மீன் ஆணையம் 1871இல் ஸ்பென்சர் பெயர்டின் தலைமையில் தொடங்கியது. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஜார்ஜ் பிரவுன் கூட் நாடு தழுவிய மீன்பிடித் தொழில் ஆய்வை நடத்தினார். ஒவ்வொரு வலைவீச்சையும் நாள், இடம் குறித்து எழுதித்தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் அக்காலத்தில் இல்லை.

நிலைமை 1976இல் மாறியது. ஏப்ரல் 13 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட மீன்வளப் பாதுகாப்பு மேலாண்மைச் சட்டம், மாநிலக் கடற்பகுதிக்கு வெளியே, கரையிலிருந்து 200 கடல்மைல் வரை மீன்பிடிப்பைக் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. எந்த வலை, எந்த இனம், எவ்வளவு எடை, எந்தப் பகுதி, எத்தனை முறை வலை இழுத்தது என்பன போன்ற விவரங்களில் எவற்றைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மேலாண்மைத் திட்டமும் வரையறுக்க வேண்டியதாயிற்று. அதே சட்டம் ஒரு வாக்குறுதியும் தந்தது: கட்டாயத்தின்பேரில் கொடுக்கப்படும் புள்ளிவிவரம் மறைகாப்புக்கு உரியது, நீதிமன்ற ஆணை இருந்தாலொழிய வெளியிடக் கூடாது, ஆளை அடையாளம் காட்டாத தொகுப்பாக மட்டும் வெளியிடலாம். அரசு ஆவணங்களை எவரும் கேட்டுப்பெற 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் வழிசெய்திருந்தும், வேறொரு சட்டம் மறைத்துவைக்கச் சொல்லும் தகவலுக்கு அது விலக்கு அளிப்பதால் இந்த வாக்குறுதி நிலைத்தது.

தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகம் 1994இல் இதற்கென ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தது. தொகுப்பில் நடைமுறையாக நிற்பது ‘மூவர் விதி’. ஒரு துறைமுகத்தில் ஓர் இனத்தை வாங்குபவர் ஒருவரே என்றால், மொத்தத்தை வெளியிடுவது அவர் கணக்கை வெளியிடுவதேயாகும். இருவர் இருந்தால், மொத்தத்திலிருந்து தன் பங்கைக் கழிக்கும் எவருக்கும் மற்றவரின் கணக்கு கிடைத்துவிடும். மூன்றாமவர் வந்தால்தான் அந்தக் கழித்தல் பலிக்காது. இதோடு வேலை முடிவதில்லை. மறைத்த எண்ணை மாநில மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்பதால், தன்னளவில் மறைக்கத் தேவையில்லாத இன்னோர் எண்ணையும் சேர்த்து மறைக்கிறார்கள். அல்லது இரண்டு இனங்களையோ இரண்டு பகுதிகளையோ ஒன்றாக்குகிறார்கள். மூவரில் ஒருவரே ஏறக்குறைய முழுவதையும் பிடித்தாலோ, மூவர் என்பது பெயரளவுக்குத்தான்.

1996ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டத்தில் ‘புள்ளிவிவரம்’ என்றிருந்த இடத்தில் ‘தகவல்’ என்று எழுதியதன் மூலம் மறைப்பின் எல்லையை விரித்தது. படகில் அரசு சார்பில் ஏறும் பார்வையாளர் எடுக்கும் குறிப்பும் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதற்குள் வந்தது. 2012 மே மாதம் முன்மொழியப்பட்ட விதிகள் மறைப்பை இன்னும் இறுக்கும் என்று சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. அவர்கள் கவலை நியாயமானது. கடல்மீன் பொதுச்சொத்து, அதை எடுக்க உரிமம் தருவது அரசு. படகுகளும் வியாபாரிகளும் குறைந்து, உரிமை சிலர் கையில் குவியக் குவிய, மூவர் விதி மறைக்கும் எண்களும் கூடுகின்றன. சிறுபடகு மீனவரைக் காக்க உதவும் அதே விதி, பெரு நிறுவனத்தின் பிடிப்பையும் மூடிவிடுகிறது.

அலாஸ்காவில் இதற்கு மாற்று கிடைத்தது. பேரிங் கடலில் பொல்லாக் மீன் பிடிக்கும் கூட்டுறவுகளுக்குத் தனி உரிமை வழங்கிய 1998ஆம் ஆண்டின் அமெரிக்க மீன்வளச் சட்டம், மறைகாப்புப் பிரிவையும் மீறி, வலையில் தவறி அகப்பட்டவை உட்படப் பிடிப்பு விவரம் படகு வாரியாக மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. பொதுவளத்தில் தனியுரிமை பெறுவோர் கணக்கையும் திறந்துவைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடே நேர்மையானது.

இருப்பிடம் காட்டும் கருவிகள் வந்தபின், எதை வெளியிடலாம் என்பதோடு எதைத் திரட்டலாம் என்ற கேள்வியும் எழுந்தது. மெக்சிகோ வளைகுடாவில் வாடகைக்கு ஓடும் பொழுதுபோக்கு மீன்பிடிப் படகுகள் 24 மணிநேரமும் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் ரத்துசெய்தது. அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் தரும் தனியுரிமை குறித்தும் தீர்ப்பு கவலை தெரிவித்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் ஏடுகளை 72 ஆண்டுகளுக்குப் பின் திறக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. மீன்பாட்டு ஏடுகளின் மறைகாப்புக்கு அத்தகைய முடிவுக்காலம் சட்டத்தில் இல்லை. படகு உடைக்கப்பட்டு, ஓட்டியவர் மறைந்த பின்னும் அந்த ஏட்டைப் பூட்டிவைப்பதால் எந்த மீனவருக்கும் பயனில்லை. கடல் முன்பு எப்படி இருந்தது என்று தேடும் ஆய்வாளருக்கோ அது பெரும் இழப்பு. இதற்கும் ஓர் ஆண்டுக்கணக்கை அமெரிக்க நாடாளுமன்றம் வகுக்க வேண்டும்.