ஆறு வளைத்த நகரம்: காமியானெட்ஸ்-பொதில்ஸ்கியின் கல்லும் காலமும்

காமியானெட்ஸ்-பொதில்ஸ்கி நகரத்தின் வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது தெருவோ கோட்டையோ அல்ல, ஆறுதான். மேற்கு உக்ரைனின் பொதில்லியா வட்டாரத்தில் ஓடி நீஸ்டர் ஆற்றில் கலக்கும் ஸ்மோத்ரிச், இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பாறைத் திட்டை ஏறத்தாழ முழுவட்டமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வட்டம் மூடிக்கொள்ளும் இடத்தில் மட்டும் மேற்கே ஒரு குறுகிய கழுத்து. மற்ற எல்லாப் பக்கமும் செங்குத்தாக நாற்பது மீட்டர் பள்ளம். கழுத்தின் மறுமுனையில் தனிப் பாறைமீது கோட்டை. கோட்டையையும் ஊரையும் இணைப்பது ஒரே ஒரு கல் பாலம். சுவர் எழுப்பும் வேலையில் பெரும்பகுதியை மனிதர்கள் வருவதற்கு முன்பே ஆறு முடித்து வைத்திருந்தது.

ஸ்லாவிய மொழிகளில் 'காமின்' என்றால் கல். ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பள்ளத்தாக்கின் சுவர்களில் தெரியும் சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெப்பக் கடலின் அடியில் படிந்தவை. உற்றுப் பார்த்தால் பவளங்களும் சிப்பிகளும் கல்லாகிக் கிடப்பதைக் காணலாம். நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் திடீரென்று தலைதூக்கும் 'தொவ்த்ரி' குன்றுகளோ இன்னும் பிற்காலத்துக் கடல் ஒன்றின் பவளத்திட்டுகள். அவற்றைக் காப்பதற்காகவே 1996-இல் ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. கோட்டைச் சுவரும் தேவாலயமும் வீட்டுப் படிக்கட்டும் இந்தச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. பாறை எங்கே முடிந்து கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்தறிவது கடினம்.

நகரம் எப்போது தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பாலத்தின் அடித்தளத்தை ரோமானியப் பேரரசர் திராயன் காலம்வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்த வாதத்துக்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. ஆவணங்கள் தெளிவாகப் பேசத் தொடங்குவது 14-ஆம் நூற்றாண்டில். 1362-இல் நீலநீர்ப் போரில் லிதுவேனியப் படை தாத்தாரியரை வென்ற பிறகு பொதில்லியா லிதுவேனிய இளவரசர்களான கொரியாதோவிச் சகோதரர்களின் கைக்கு வந்தது. 1374-இல் அவர்கள் ஊருக்கு மாக்தபர்க் நகர உரிமையை வழங்கினார்கள். ஜெர்மானிய நகரச் சட்டமான இது, ஊர்மன்றமும் நீதிமன்றமும் வைத்துத் தன்னைத் தானே ஆண்டுகொள்ள வழிசெய்தது. 1434-இல் பொதில்லியா போலந்து அரசின் மாகாணமானபோது காமியானெட்ஸ் அதன் தலைநகர்.

அந்தச் சிறிய பாறைத் திட்டில் ஒன்றல்ல, மூன்று நகரங்கள் குடியிருந்தன. போலந்தியர், ருத்தேனியர் எனப்பட்ட உள்ளூர் உக்ரைனியர், ஆர்மீனியர் என மூன்று சமூகங்களுக்கும் தனித்தனிச் சந்தைச் சதுக்கம், தனித்தனி ஆலயம், தனித்தனி நீதிமன்றம். இவற்றில் ஆர்மீனியரின் கதைதான் ஆய்வாளர்களை அதிகம் ஈர்த்தது. கிரிமியா வழியாக வந்து சேர்ந்த இவர்கள் வழிபாட்டில் ஆர்மீனியர், அன்றாடப் பேச்சில் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கிப்சாக் மொழியினர். அந்தக் கிப்சாக்கை ஆர்மீனிய எழுத்தில் எழுதினார்கள். கடன், சீதனம், பாகப்பிரிவினை, வாய்த்தகராறு என்று 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் அன்றாட வழக்குகள் எல்லாம் அப்படியே பதிவேடுகளாக எஞ்சியுள்ளன. அழிந்துபோன ஒரு மொழி வடிவத்தை மீட்டெடுக்க இன்று மொழியியலாளர்கள் நாடுவது இந்த ஊர் வணிகர்களின் வழக்குப் புத்தகங்களைத்தான். அரசர்களின் சாசனங்களைவிட அதிகம் பேசும் ஆவணங்கள் இவை.

அவர்களின் செல்வம் கிழக்கு வணிகத்திலிருந்து வந்தது. மால்தாவியாவுக்கும் அங்கிருந்து இஸ்தான்புல்லுக்கும் போகும் வழியில் காமியானெட்ஸ் ஒரு முக்கியமான இடம். கோட்டைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் குடியிருப்புக்கு இன்றும் கர்வசாரி என்று பெயர். வணிகக் கூட்டங்கள் தங்கும் 'காரவன்சராய்' என்ற பாரசீகச் சொல்தான் உள்ளூர் நாக்கில் அப்படித் திரிந்தது. சத்திரங்கள் மறைந்துவிட்டன, பெயரும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த ஒரு மரத் தேவாலயமும் மிஞ்சியிருக்கின்றன.

செல்வம் சேர்ந்த எல்லையூருக்குக் காவல் வேண்டும். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கோட்டையின் சுவர்களும் பழைய கோபுரங்களும் கல்லால் புதுப்பித்துக் கட்டப்பட்டன. கிறித்தவ உலகின் எல்லைச் சுவர் என்று இதைக் கருதிய ரோமாபுரியிலிருந்தும் பணம் வந்தது. இரண்டாம் ஜூலியஸ் பாப்பரசரின் உதவியால் எழுந்த கோபுரம் பாப்பரசர் கோபுரம் என்றே அழைக்கப்பட்டது. ஊரின் விளிம்பிலிருந்த கோபுரங்களின் பொறுப்பைக் கைத்தொழில் சங்கங்கள் ஏற்றன: ஒன்று குயவர்களுடையது, இன்னொன்று உரோமத் தோல் பதனிடுவோருடையது. அந்தந்தத் தொழிலின் பெயரால்தான் இன்றும் அவை வழங்குகின்றன. ஆறு ஊரைத் தொடும் தாழ்வான இரு இடங்களில் போலந்து வாசலும் ருத்தேனிய வாசலும் எழுந்தன. அங்கே மதகுகள் அமைத்துத் தண்ணீரைத் தேக்கினால் பள்ளத்தாக்கே அகழியாகிவிடும். நீரியலும் போர்க்கலையும் சேர்ந்த இந்த ஏற்பாடு அக்கால ஐரோப்பாவில் அரிது.

கோட்டைக்குள் 1544-இல் எழுந்த புதிய கிழக்குக் கோபுரத்துக்குள் நுழைந்தால் தரையில் ஒரு பெரிய வாய் திறந்திருக்கும். பாறையைக் குடைந்து சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய கிணறு அது. வாயின் அகலம் ஐந்து மீட்டர். மேலே ஆளுயரத்தைத் தாண்டிய மரச் சக்கரம். அதைச் சுழற்றித்தான் வாளியை மேலே இழுத்தார்கள். முற்றுகைக் காலத்தில் கோட்டை தாகத்தால் விழக்கூடாது என்பதற்காக உளியும் சுத்தியலுமாக எத்தனை கைகள் இந்தப் பாறையில் உழைத்தன என்று எண்ணும்போது, கோட்டை மதில்களைவிட இந்தக் கிணறே பெரிய கட்டுமானமாகத் தோன்றுகிறது.

1621-இல் அருகிலுள்ள ஹோத்தினில் போலந்துப் படையோடு மோத வந்த சுல்தான் இரண்டாம் ஒஸ்மான் காமியானெட்ஸைப் பார்த்துவிட்டு, இதற்கு அரண் அமைத்தது யார் என்று கேட்டதாகவும், கடவுள் என்று பதில் வந்ததும், அப்படியானால் கடவுளே வந்து பிடிக்கட்டும் என்று திரும்பிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஊர் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை.

ஆனால் அந்த அரணில் ஒரு குறை இருந்தது. கோட்டைக்கு மேற்கே, ஆற்றின் வளைவுக்கு வெளியே, நிலம் கோட்டையைவிட உயரம். வில்லும் ஈட்டியும் மட்டும் இருந்த காலத்தில் அதனால் பாதகமில்லை. பீரங்கி வந்ததும் கணக்கு மாறியது. 1617 முதல் 1621 வரை கோட்டைக்கு முன்னால் மண்ணும் கல்லும் கொண்டு 'புதிய கோட்டை' என்ற முன்னரணைக் கட்டியது இந்தக் குறையை மூடத்தான். 1672 ஆகஸ்டில் சுல்தான் நான்காம் மெஹ்மெது நேரில் பெரும்படையோடு வந்தபோது அது போதவில்லை. உள்ளே இருந்த காவலர் எண்ணிக்கை ஓரிரு ஆயிரத்தைத் தாண்டவில்லை. உயரத்திலிருந்து பீரங்கிகள் முழங்க, சுரங்கம் வெட்டுவோர் மதிலடியில் வெடிவைக்க, இரண்டு வாரத்துக்குள் வெள்ளைக் கொடி ஏறியது. சரணடைந்த பிறகு கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியதில் இறந்தவர்களுள் ஒருவர் யெர்சி வொவொதியோவ்ஸ்கி. பின்னாளில் போலந்து எழுத்தாளர் ஹென்றிக் செங்கியேவிச் தம் நாவலுக்கு நாயகனாக்கியது இவரைத்தான்.

அதன்பின் 27 ஆண்டுகள் காமியானெட்ஸ் ஒட்டோமான் மாகாணம் ஒன்றின் தலைநகர். பீட்டர்-பால் பேராலயம் மசூதியானது. அதன் வாயிலை ஒட்டி ஒரு மினாரா எழுந்தது. பழைய கல் பாலத்தை 1680-களில் புதிய ஆட்சியாளர்கள் இருபுறமும் கல்வைத்துப் பலப்படுத்தியதால் அதற்குத் துருக்கிப் பாலம் என்ற பெயரும் சேர்ந்தது. கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து இஸ்தான்புல் எழுத்தர்கள் தயாரித்த விரிவான வரிப் பதிவேடு, அந்த நாளைய பொதில்லியாவில் எத்தனை ஊர்கள் பாழாகிக் கிடந்தன என்பதைக் காட்டுகிறது. நகரம் கைக்கு வந்ததே தவிர, அதைச் சுற்றியிருந்த நாடு போரில் காலியாகிவிட்டிருந்தது.

1699 ஜனவரியில் கையெழுத்தான கார்லோவிட்ஸ் உடன்படிக்கை ஊரைப் போலந்திடமே திருப்பித் தந்தது. மசூதி மீண்டும் பேராலயமானது. மினாராவை யாரும் இடிக்கவில்லை. இடிக்கக்கூடாது என்று உடன்படிக்கையிலேயே நிபந்தனை இருந்ததாக ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், 1756-இல் அதன் உச்சியில் பொன் முலாம் பூசிய கன்னி மரியாள் சிலை நிறுவப்பட்டது. ஒட்டோமான் தொழிலாளர்கள் அடுக்கிய கல் தண்டின்மேல் கத்தோலிக்கச் சிலை இன்றுவரை நிற்கிறது. டொமினிக்கன் தேவாலயத்துக்குள்ளும் ஒரு கல் மிம்பர், அதாவது மசூதியின் சொற்பொழிவு மேடை, அப்படியே விட்டுவைக்கப்பட்டது. வென்றவர்கள் தோற்றவர்களின் கட்டடத்தைத் தரைமட்டமாக்கிய ஊர்கள் எத்தனையோ. இங்கே பழையதை இடிக்காமல் அதன்மேலேயே தம் அடையாளத்தை வைத்தார்கள். வீணடிக்க இடமில்லாத, வெளியே விரியவும் முடியாத ஒரு பாறைத் திட்டு இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பொறுமை மனிதர்களிடம் எப்போதும் காட்டப்பட்டதில்லை. யூதர்கள் நகருக்குள் குடியிருக்க நீண்டகாலம் தடை இருந்தது. சிலை ஏறிய மறு ஆண்டே, 1757-இல், ஆயர் தெம்போவ்ஸ்கி நடத்திய சமய விவாதத்தின் முடிவில் தல்மூத் நூல்கள் இங்கே தீயிலிடப்பட்டன.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைத் தளபதியாக இருந்த யான் தெ வித்தே ஒரு கட்டடக் கலைஞரும்கூட. லிவிவ் நகரின் புகழ்பெற்ற டொமினிக்கன் தேவாலயம் அவருடைய வடிவமைப்பு. 1781-இல் போலந்து மன்னர் வருகைக்காகப் பேராலய முற்றத்தின் முன் எழுந்த வெற்றி வளைவும் இன்று நிற்கிறது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1793-இல், போலந்தின் இரண்டாம் பிரிவினையோடு நகரம் ரஷ்யப் பேரரசுக்குப் போனது. எல்லை தெற்கே நகர்ந்ததும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைச் சிறைச்சாலையாக்கினார்கள். விவசாயிகளின் வீரனாகப் பாடப்படும் உஸ்திம் கர்மாலியுக் அங்கே மீண்டும் மீண்டும் அடைக்கப்பட்டார். பாப்பரசர் கோபுரத்தை மக்கள் இப்போது அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

கோட்டைக்குக் காவலாக நின்ற அதே பள்ளத்தாக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஊருக்குத் தடையாக மாறியது. 1864-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட நொவோபிளானிவ்ஸ்கி பாலம் கிழக்குக் கரையில் நேர்த் தெருக்கள் கொண்ட புதிய பகுதியைத் திறந்துவிட்டது. வீடுகளும் கடைகளும் மெல்ல அங்கே நகர்ந்தன. ரயில் பாதையோ வடக்கே புரோஸ்குரிவ் வழியாகப் போனது. காமியானெட்ஸுக்கு அது 1914-இல்தான் வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுத் தாமதம் ஒரு மாகாணத் தலைநகரைப் பின்னுக்குத் தள்ளப் போதுமானதாக இருந்தது. பழைய சதுக்கங்களை இடித்துப் பெரிய மாளிகைகள் கட்ட ஆலைமுதலாளிகள் யாரும் வரவில்லை. இடைக்காலத் தெருவமைப்பு பெருமளவு தப்பியதற்கு இந்தப் புறக்கணிப்பே முதற்காரணம் என்று கொள்ளலாம்.

சிறிது காலம் அரசியல் மீண்டும் இங்கே வந்தது. 1918 அக்டோபரில் இவான் ஒஹியென்கோ தலைமையில் உக்ரைனியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. 1919-இல் சிமோன் பெத்லியூராவின் உக்ரைன் மக்கள் குடியரசு இந்நகரையே தலைநகராகக் கொண்டு இயங்கியது. 1920 நவம்பரில் அதுவும் முடிந்தது. சோவியத் ஆட்சியில் 1941-இல் மாகாணத் தலைமையகம் புரோஸ்குரிவுக்கு, அதாவது இன்றைய ஹ்மெல்னித்ஸ்கிக்கு, மாற்றப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் 28 வரை, மூன்றே நாட்களில், நாஜிப் படையினர் நகருக்கு வெளியே 23,600 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குத் தலைமை வகித்த நாஜித் தளபதி ஃபிரீத்ரிச் யெக்கெல்ன் மேலிடத்துக்கு அனுப்பிய எண்ணிக்கை இது. பலியானவர்களில் பெரும்பகுதி ஹங்கேரியிலிருந்து துரத்தப்பட்டு இங்கே கொண்டுவந்து தள்ளப்பட்டவர்கள். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வூரில் வாழ்ந்தவர்கள். பத்தாயிரக் கணக்கில் ஒரே இடத்தில் நடந்த முதல் படுகொலை இதுவே என்பது வரலாற்றாய்வாளர்களின் முடிவு. கற்களைப் பற்றி எழுதும்போது இந்த மூன்று நாட்களைக் கடந்து போக முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர மக்களில் பாதியை நெருங்கியிருந்த ஒரு சமூகத்தின் வீடுகள் அதோடு வெறுமையாயின. 1944 மார்ச்சில் செம்படை நுழைந்தபோது பழைய நகரின் பெரும்பகுதி இடிபாடு.

போருக்குப் பிறகு பழைய நகரம் முழுவதுமாக மீட்டுக் கட்டப்படவில்லை. போலந்துச் சந்தையில் நகர மண்டபம் நிற்கிறது. ஆர்மீனியச் சந்தையைச் சுற்றி வீடுகள் இருந்த இடங்களில் பல இன்று புல்வெளி. 1672-இல் சிதைந்த ஆர்மீனியரின் நிக்கோலஸ் பேராலயத்தில் மணிக்கோபுரம் மட்டும் பிழைத்தது. அதன் நிழல் விழும் தரையில் பேராலயத்தின் அடித்தளக் கற்கள் புல்லுக்கிடையே தெரிகின்றன.