இலையும் மெழுகும் கதிர்ப்படமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சுற்றத்தார் ஒருவனை இனங்காண்பதும், கைக்குழந்தை தாயைக் கண்டு சிரிப்பதும் முகத்தைக் கொண்டேயாம். காலை இழந்தவன் கோலூன்றி நடக்கின்றான். கையை இழந்தவன் மறு கையால் உழைக்கின்றான். முகம் சிதைந்தவனோ வீட்டுப் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கவும் கூசுகின்றான். பண்டைய ஆட்சியாளர் மூக்கரிதலை ஒரு தண்டனையாக வைத்திருந்ததன் காரணமும் இதுவே. உயிரைப் போக்காமலே ஒருவனை ஊராரிடமிருந்து பிரித்துவிட அத்தண்டனை போதுமானதாக இருந்தது. இராமகாதையில் சூர்ப்பணகை இழந்தது மூக்கு. அந்த அவமானத்திலிருந்தே பெரும் போர் ஒன்று மூண்டது.

சிதைந்த முகத்தை மீளக் கட்டியெழுப்பும் சத்திரசிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கத்தியை எடுக்குமுன் அளவை எடுத்தவர்களே இக்கலையில் வெற்றி கண்டனர் என்பதே அது.

சுசுருதரின் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலின் காலத்தைப் பற்றி அறிஞர் ஒத்த கருத்தினர் அல்லர். எனினும் அதில் மூக்கை அமைக்கும் முறை தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. வைத்தியர் முதலில் இலையொன்றை எடுத்து, இழந்த மூக்கின் அளவுக்கு அதனை நறுக்க வேண்டும். அவ்விலையைக் கன்னத்தில் வைத்து, அதே அளவில் தோலைக் கீறி, ஒரு பக்கம் கன்னத்தோடு ஒட்டியிருக்கும்படி விட்டு, மற்றப் பகுதியைத் திருப்பி மூக்கிருந்த இடத்தில் பொருத்த வேண்டும். மூச்சுத் தடைப்படாதிருக்க இரண்டு குழல்களை உள்ளே செருக வேண்டும். அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இன்று கணினித் திரையில் நோயாளியின் முகத்தை அளக்கும் நிபுணருக்கு முன்னோடி அந்த இலையே. இன்று முகத்தினுள் வைக்கப்படும் பதியங்களுக்கு முன்னோடிகள் அந்தக் குழல்களே.

இக்கலை ஏட்டோடு நின்றுவிடவில்லை. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கும்பனிக்கும் நடந்த போரில், 1792ஆம் ஆண்டளவில், கவாஸ்ஜி என்னும் மாட்டு வண்டிக்காரர் சிறைப்பட்டார். ஆங்கிலப் படைக்கு வண்டியோட்டிய குற்றத்துக்காக அவரது மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஓராண்டளவு மூக்கின்றித் திரிந்த அவருக்குப் பூனா நகர்ப் பக்கத்தில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். அவர் எக்கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறனே அவருடைய கல்வி.

அவர் செய்த முதல் வேலை மெல்லிய மெழுகுத் தகட்டினால் மூக்கொன்றை வடித்து, அதனை நோயாளியின் முகத்தில் வைத்துப் பார்த்ததாகும். பொருத்தம் கண்ட பின்னர் அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். அக்கோட்டின்படி நெற்றித் தோலை உரித்து, இரு புருவங்களுக்கும் இடையே ஒரு சிறு துண்டு மட்டும் ஒட்டியிருக்க விட்டு, தோலைத் திருப்பி மூக்காக்கினார். இரத்தவோட்டம் அற்றுப்போகாமல் காப்பது அந்தச் சிறு துண்டுதான். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் புதிய மூக்குத் தானே வேர்கொண்டதும் அத்துண்டு அறுக்கப்பட்டது. காயத்தின் ஓரங்களை ஒட்டுவதற்கு அவர் பயன்படுத்திய பசை காசுக்கட்டி. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் அதே காசுக்கட்டிதான்.

ஆங்கில வைத்தியர் இருவர் இச்சிகிச்சையை நேரிற் கண்டனர். 1794ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இச்செய்தி இலண்டன் சஞ்சிகையொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதனைப் படித்துச் சிந்தித்தவர்களுள் ஒருவர் யோசேப்பு கார்ப்பியூ என்னும் சத்திரவைத்தியர். அவர் உடனே கத்தியை எடுத்தாரல்லர். இறந்தோரின் உடல்களில் பலமுறை பழகிப் பார்த்தார். தக்க நோயாளி கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1814ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆந் திகதி படை அலுவலர் ஒருவருக்கு இந்திய முறைப்படி மூக்கமைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. சத்திரசிகிச்சை நடந்தது கால் மணி நேரமே. அதற்கான ஆயத்தமோ இருபது ஆண்டுக் காலம். தம் அனுபவத்தை அவர் 1816இல் நூலாக வெளியிட்டார்.

அதே 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழையில் அமெரிக்க மிசன் தன் பணியைத் தொடங்கியது. டானியல் பூவர் அங்கே நிறுவிய பாடசாலையே பின்னாளில் யூனியன் கல்லூரியாக வளர்ந்தது. எழுத்தறிவோடு மேனாட்டு வைத்தியமும் அம்மிசன் வழியே குடாநாட்டுக்குள் புகுந்தது. வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். போஸ்ரன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் ஆற்றல் மக்கள்முன் மெய்ப்பிக்கப்பட்டது 1846இல். மறு ஆண்டே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

கிறீன் மானிப்பாயில் நோயாளரைக் கவனித்ததோடு அமையவில்லை. நோயாளியின் மொழியில் வைத்தியம் பேசாவிட்டால் அது அந்நியமாகவே இருந்துவிடும் என்பதை அவர் உணர்ந்தார். தமிழ் கற்று, கலைச்சொற்கள் ஆக்கி, மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் போதித்தார். சத்திரசிகிச்சை பற்றிய அவரது ‘இரண வைத்தியம்’ என்னும் மொழிபெயர்ப்பு 1867இல் வெளிவந்தது. தன் உடலில் என்ன செய்யப்படப்போகின்றது என்பதை நோயாளி தன் தாய்மொழியிற் கேட்டு அறிதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு அந்நூல் இன்றும் சான்றாக நிற்கின்றது.

இலையும் மெழுகும் முகத்தின் வெளிப்புறத்தையே அளந்தன. தோலுக்கு அடியிலுள்ள எலும்பைக் காணும் வழி 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது பிறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்து மூண்ட முதலாம் உலகப் போரில் அதன் பயன் பெரிதாயிற்று. பதுங்கு குழியிலிருந்து தலையை உயர்த்திய போர்வீரர் ஆயிரக்கணக்கில் தாடையும் மூக்கும் இழந்தனர். நியூசீலாந்தில் பிறந்த ஹரல்ட் கில்லிஸ் என்பவர், 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் இத்தகையோருக்குச் சிகிச்சை அளித்தார். ஒவ்வொருவருக்கும் கதிர்ப்படம் எடுக்கப்பட்டது. முகத்தின் சாந்து வார்ப்பு எடுக்கப்பட்டது. ஓவியரும் வைத்தியருமாகிய ஹென்றி ரொங்ஸ் பலருடைய முகங்களை வரைந்து வைத்தார். பல் வைத்தியரும் சத்திரவைத்தியரும் ஒரே மேசையிலிருந்து திட்டமிட்டனர்.

இழந்த எலும்புக்குப் பதிலாக எதனை வைப்பது என்னும் வினாவும் உடன் எழுந்தது. இதில் மனிதர் பட்ட இடர்கள் பல. பொன், வெள்ளி, யானைத் தந்தம் ஆகியன வெவ்வேறு காலங்களிற் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வியன்னா நகரத்து கெர்சுனி என்பவர் பரபின் மெழுகை உருக்கி ஊசியால் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். கத்தியில்லா வைத்தியம் என்று பலரும் அதனை நாடினர். சில ஆண்டுகளில் அம்மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிகளாகத் திரண்டது, புண்ணாயிற்று. பூனாவின் செங்கற்காரர் மெழுகை முகத்துக்கு வெளியே வைத்தார். வியன்னாவில் அதனை உள்ளே விட்டனர். அளக்கும் பொருளையும் தங்கும் பொருளையும் ஒன்றெனக் கருதியதன் விளைவை நோயாளர் அனுபவித்தனர்.

உடல் ஏற்றுக்கொள்ளும் உலோகம் எதிர்பாராத வகையில் கிடைத்தது. சுவீடன் நாட்டு பிரேனமார்க், 1952ஆம் ஆண்டளவில் முயலின் எலும்பில் இரத்தவோட்டத்தை ஆராய்வதற்காகத் தைத்தேனியம் எனவும் டைட்டானியம் எனவும் வழங்கும் உலோகத்தாலான சிறு கருவியொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றிவிட்டது. 1965இல் மனிதத் தாடையில் அத்தகைய பதியம் பொருத்தப்பட்டது. முறிந்த முகவெலும்பைப் பிணைக்கும் சிறு தகடுகளும் திருகாணிகளும் இன்று பெரும்பாலும் இவ்வுலோகத்தால் ஆனவையே. நுண்துளைகள் உள்ள பொலித்தீன் வகை, சிலிக்கோன் ஆகியனவும் உள. ஆயினும் தாடையின் பெரும்பகுதியை இழந்தவருக்கு அவருடைய சொந்த எலும்பே பெரிதும் விரும்பப்படுகின்றது. கீழ்க்காலின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாய்களோடு எடுத்துத் தாடையாக அமைக்கும் முறை 1989 முதல் பரவலாயிற்று. அவ்வெலும்பின் ஒரு பகுதி குறைந்தாலும் மனிதன் நடக்கலாம்.

படத்திலும் பெரும் மாற்றம் வந்தது. 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி, இலண்டன் வைத்தியசாலையொன்றில் ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியினால் முதன்முதலாக நோயாளி ஒருவரின் தலை சீ.ரீ. ஸ்கான் செய்யப்பட்டது. பலாப்பழத்தைப் பிளக்காமலே அதன் சுளைகளை வரிசையாகக் காண்பது போன்ற வித்தை அது. எலும்பை நுட்பமாகக் காட்ட சீ.ரீ. ஸ்கான் சிறந்தது, தசை, நரம்பு முதலிய மென்பகுதிகளைக் காட்ட எம்.ஆர்.ஐ. சிறந்தது. இப்படங்களைக் கொண்டு நோயாளியின் தாடையை அதே அளவில் அச்சிட்டு, தகட்டை முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொள்ளவும் இன்று இயலும்.

இவ்வரலாறு யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஏன் வேண்டும்? பாக்கும் வெற்றிலையும் புகையிலையும் நம் பண்பாட்டோடு கலந்தவை. நெய்யூர் மிசன் வைத்தியசாலையோடு தொடர்புடைய ஓர் என்னும் வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடையே காணப்படும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இலேயே எழுதினார். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஒரு காலத்தில் மூக்கை ஒட்டிய காசுக்கட்டியின் துணைப் பொருள்களே இன்று தாடையைப் பறிக்கின்றன.

1990 முதல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து அலைந்ததை யாவரும் அறிவர். எறிகணையால் முகம் சிதைந்தோரும் அக்காலத்தில் இருந்தனர். போர் முடிந்த பின்னர், 2011ஆம் ஆண்டில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. இலங்கையின் இரு முனைகளிலுமுள்ள மக்கள் சேர்ந்து கட்டிய இடம் அது.

கட்டடம் எழுந்துவிட்டது; ஆனால் நோயாளியின் அச்சம் நீங்க வேண்டும். தாடையை எடுக்க நேரிடும் என்ற சொல்லைக் கேட்டதும் வீடு திரும்பி, பல மாதங்களின் பின் புண் முற்றிய நிலையில் மீண்டு வருவோர் உளர். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் வெட்டியெடுக்கும் பகுதி பெரிதாகக்கூடும் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஆயத்தத்தோடு வைத்தியரைக் காண்பவருக்கு அச்சம் குறையும்.

முன்னர் எடுத்த கதிர்ப்படங்கள், ஸ்கான் தட்டுகள், தசைச் சோதனை அறிக்கை ஆகிய எல்லாவற்றையும் கொண்டு செல்ல வேண்டும். நீரிழிவு, குருதியமுக்கம், இரத்தம் உறையாமைக்கான மருந்து எனத் தாம் உட்கொள்ளும் யாவற்றையும் எழுதி வைத்தல் நன்று. வைத்தியர் சொல்லாமல் எதனையும் தாமாக நிறுத்தலாகாது. சிறுநீரக நோயோ மருந்து ஒவ்வாமையோ இருப்பின், ஸ்கானுக்காக நிறமருந்து ஏற்றுமுன் கூற வேண்டும். உடலில் இதயமுடுக்கி, பழைய குண்டுச் சிதறல் போன்ற உலோகம் இருப்பின் எம்.ஆர்.ஐ.க்கு முன் அதனை மறைக்கலாகாது. போர் நடந்த மண்ணில் இக்கேள்வி வெறும் சடங்கன்று. கருவுற்ற பெண்கள் அதனைத் தெரிவிக்க வேண்டும். புகைத்தலும் வெற்றிலையும் நிற்க வேண்டும். புகை இரத்தக் குழாயைச் சுருக்கி, ஒட்டிய தசையை வாடச் செய்யும். கதிர்ச் சிகிச்சைக்கு முன் பல் வைத்தியர் பற்களைச் சோதித்தல் இன்றியமையாதது.

வைத்தியரிடம் கேட்பதற்கும் கூச வேண்டியதில்லை. வைக்கப்படும் பொருள் யாது? அது தங்குமா, பின்னர் எடுக்கப்படுமா? கிருமி தொற்றினால் என்ன செய்வது? உணர்வு குன்றுமா? உண்ணவும் பேசவும் எத்தனை காலம் ஆகும்? பதியத்தின் பெயரை எழுதித் தருமாறு கேட்பதும் முறையே. பின்னாளில் ஸ்கான் எடுப்போருக்கு அது உதவும். கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ள வீட்டார் ஒருவர் உடன் செல்வது நலம்.

இலையை நறுக்கிய பண்டை வைத்தியரும், மெழுகை வடித்த செங்கற்காரரும், இருபது ஆண்டு காத்திருந்த கார்ப்பியூவும் அளந்த பின்னரே அறுத்தனர். அந்த அளவெடுப்பில் நோயாளிக்கும் பங்குண்டு. வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் செல்வதே அப்பங்கின் தொடக்கம். சிறு புண்ணாயிருக்கும்போதே காட்டியவருக்குப் பெரும்பாலும் தாடையை இழக்கும் நிலையே வருவதில்லை.