வீட்டை விற்றவர்

குரோம்பேட்டையில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஊர்ப் பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட கம்பெனியால் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. எம்.ஐ.டி. மேம்பாலம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த எம்.ஐ.டி.யை, அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, ஆரம்பித்தவர் யாரென்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

சி. ராஜம் என்ற தொழிலதிபர். நாடு விடுதலையான கையோடு, விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் சொல்லித்தர இங்கே ஒரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தார். அன்றைக்கு அவற்றைப் படிக்க இடங்கள் அரிது. அதற்காகத் தன் வீடு 'இந்தியா ஹவுஸை' விற்றார். 1949-இல் கல்லூரி தொடங்கியது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு.

வளாகத்தில் பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு பையன். சேர்க்கைக்கு வேண்டிய ஆயிரம் ரூபாய்க்கு அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பையன் அப்துல் கலாம். எனக்கென்னவோ, ராஜம் விற்ற வீடும் ஜோஹராவின் வளையலும் ஒரே கணக்கில்தான் வரும்.

இந்தக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தாலே வாசலில் ஆளுயர பேனர். ராஜமோ கல்லூரிக்கு மெட்ராஸ் என்று ஊர்ப் பெயரை வைத்தார், தன் பெயரை வைக்கவில்லை. 1978-இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. உள்ளே ஒரு அரங்கத்துக்கு மட்டும் ராஜம் பெயர் இருக்கிறது.