ஒரே கப்பலில் 6,700 பயணிகள்: விடுமுறை வரிசையிலேயே கரையாமல் இருக்க என்ன செய்யலாம்?

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று இரவு. டிக்கெட் எடுத்தாச்சு. பாட்டியிலிருந்து கடைக்குட்டி வரை எல்லாரும் தயார்.

அடுத்த கேள்வி: அவ்வளவு கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலில் சுமார் 6,700 பயணிகள் தங்கலாம். ஊழியர்கள் சுமார் 2,500 பேர். கூட்டினால் 9,000க்கும் மேல். ஒரு சின்ன குடியிருப்புப் பேட்டையே கடலில் மிதப்பதுபோலத்தான்.

மூன்று இரவுப் பயணத்தில் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சுமார் 40 மணி நேரம்தான் வரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால், காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் ஏழில் ஒரு பங்கு போச்சு. மூட்டுவலி உள்ள பாட்டிக்கோ, பசியில் அழும் குழந்தைக்கோ அந்த இரண்டு மணி நேரம் இன்னும் நீளமாகத் தெரியும்.

நல்ல செய்தி என்னவென்றால், கப்பலில் எந்த வரிசை எப்போது நீளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வரிசை ஏன் நீள்கிறது?

கப்பலில் ஆட்கள் அதிகம் என்பது பாதிக் காரணம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவதுதான் மீதிப் பாதி.

ஏறியவுடன் பசிக்கும், எல்லாரும் பஃபே உணவகத்துக்கு ஓடுவோம். காட்சி முடியும், எல்லாரும் மின்தூக்கிக்குப் போவோம். வெயில் வரும், எல்லாரும் நீச்சல் குளத்துக்கு.

ஒரு சின்ன கணக்கு. 1,000 பேர் அமர்ந்த அரங்கு ஒரே நேரத்தில் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மின்தூக்கியில் 15 பேர் ஏறினால், அத்தனை பேரையும் கொண்டுசேர்க்க 67 முறை போய்வர வேண்டும். அதே 1,000 பேர் அரை மணி நேர இடைவெளியில் பிரிந்து வந்தால், வரிசையே பெரிதாகத் தெரியாது.

ஆகவே கப்பலில் கூட்டத்தைத் தவிர்ப்பது என்றால் ஒதுக்குப்புறமாக ஒளிந்துகொள்வது இல்லை. கூட்டத்தைவிட அரை மணி முன்னே, அல்லது முக்கால் மணி பின்னே நகர்வது. அவ்வளவுதான்.

பதிவு செய்வதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

முதலில் பயணிகள் எண்ணிக்கை. ஒரே கப்பலுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒன்று. மூன்றாவது, நான்காவது படுக்கைகளையும் சேர்த்து இன்னொன்று.

உலகின் ஆகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் த சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து அது முதல் பயணம் புறப்பட்டது. அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். முழுமையாக நிரம்பினால் 7,600 பேர். கப்பல் அதேதான். ஆனால் கூடுதலாகக் கிட்டத்தட்ட 2,000 பேர்.

அந்த 2,000 பேர் எப்போது வருவார்கள்? பள்ளி விடுமுறையில். பெற்றோரின் அறையில் பிள்ளைகளும் தங்கும் காலம் அது. சிங்கப்பூரில் மார்ச், ஜூன், செப்டம்பர், நவம்பர்-டிசம்பர் விடுமுறைகளைத் தவிர்க்க முடிந்தால், அதே கப்பலில் கொஞ்சம் தாராளமாக நடமாடலாம். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அது நடக்காது. அப்போது திட்டமிடல்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது, இடவசதி. கப்பலின் மொத்தக் கொள்ளளவை, அதாவது கிராஸ் டன்னேஜை, பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை. உள்ளே இருக்கும் இடத்தைக் குறிக்கிறது. சுமார் 2,08,000 டன் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சரை 6,700ஆல் வகுத்தால் 31. ஐகானின் 2,48,663ஐ 7,600ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 33. எண் கூடக் கூட, ஒருவருக்குக் கிடைக்கும் இடமும் கூடும். ஒப்பிடும்போது இரண்டு கப்பலுக்கும் ஒரே வகை எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு அறைக்கு இருவர் கணக்கு, இன்னொன்றுக்கு முழுக் கணக்கு என்றால் ஒப்பீடு தப்பாகிவிடும்.

மூன்றாவது, பயணப் பாதை. கப்பல் பினாங்கிலோ ஃபூக்கெட்டிலோ நின்றால், பகலில் நிறைய பேர் கரைக்குப் போய்விடுவார்கள். டிஸ்னி அட்வெஞ்சரின் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் இடையில் எங்கும் நிற்காதவை. எல்லாரும் எந்நேரமும் கப்பலிலேயே இருப்பார்கள். அத்தகைய பயணத்தில் விடியற்காலையும் பின்னிரவும்தான் காலியான நேரம்.

முதல் நாள்: பாதி வேலை வீட்டிலேயே முடியும்

இணையப் பதிவு திறந்தவுடன் செய்துவிடுங்கள். படம், கடப்பிதழ் விவரம், கட்டண அட்டை எல்லாம் அதிலேயே முடியும். கப்பல் நிலையத்துக்கு வரவேண்டிய நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்கலாம். முன்கூட்டிய நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கொடுத்த நேரத்துக்கு வாருங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனால், நிலையத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். மரினா பே சொகுசுக் கப்பல் நிலையத்துக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். டாக்சி வரிசை மிச்சம்.

ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர மாலை ஆகலாம். அதனால் மருந்து, கடப்பிதழ், நீச்சலுடை, ஒரு மாற்று உடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது, உங்கள் பிள்ளைகள் சறுக்கில் இருப்பார்கள்.

ஏறியதும் முதலில் செய்ய வேண்டியது பாதுகாப்புப் பயிற்சி. அதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம். அடுத்து, செயலியைத் திறந்து காட்சிகளுக்கும் உணவகத்துக்கும் முன்பதிவு செய்யுங்கள். பயணத்துக்கு முன்பே பதிவு திறந்திருந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு: நீள வரிசை என்றால் நல்ல சாப்பாடா?

உணவங்காடியில் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு: வரிசை நீளமா இருந்தா கடை நல்ல கடை. கப்பலில் அது பொருந்தாது. அங்கே நீளமான வரிசை பெரும்பாலும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் வாசலைத்தான் காட்டுகிறது. பல பஃபேகளில் ஒரே உணவு இரண்டு பக்கத்திலும் இருக்கும். வரிசையில் சேருமுன், ஒருமுறை கடைசி வரை நடந்து பாருங்கள்.

காலை உணவுக்கு எல்லாரும் பஃபேக்குப் போகும்போது, மேசைக்கே கொண்டுவந்து தரும் பெரிய உணவகத்தைப் பாருங்கள். முதல் நாள் மதியமும் சில கப்பல்களில் அது திறந்திருக்கும். கூடுதல் கட்டணமும் இருக்காது.

சைவம், ஹலால், ஒவ்வாமை போன்ற தேவைகள் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் முகப்பில் நின்று விளக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

மின்தூக்கி: யாருக்கு முதலிடம்?

இரண்டு மூன்று மாடிதானே? முடிந்தவர்கள் படியேறுங்கள். நேரம் மிச்சமாகும் என்பது மட்டும் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் வேறு வழியே கிடையாது. நிரம்பிய மின்தூக்கி நான்கைந்து முறை கடந்துபோவதை அவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

தாத்தா பாட்டியுடன் போகிறீர்களா? காட்சி முடிந்ததும் எழ வேண்டாம். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், கூட்டம் கரைந்துவிடும். அறை பதிவு செய்யும்போதே மின்தூக்கிக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கப்பலின் நடைபாதைகள் நாம் நினைப்பதைவிட நீளமானவை.

குளமும் சறுக்கும்

ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசையை "சோப்" பண்ணும் கலை நமக்குத் தெரியும். குளத்தோரச் சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போவதும் அதே கலைதான். ஆனால் பல கப்பல்களில் ஆளில்லாமல் கிடக்கும் துண்டுகளை ஊழியர்கள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அகற்றிவிடுவார்கள்.

சறுக்குக்கு நல்ல நேரங்கள் மூன்று: திறந்தவுடன், மற்றவர்கள் இரவு உணவுக்குத் தயாராகும் மாலை நேரம், கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பகல். பினாங்கை ஏற்கெனவே பலமுறை பார்த்தவர் என்றால், அன்று கப்பலிலேயே இருந்துவிடுவது நல்ல யோசனை.

கரைக்குப் போனால் கடிகாரத்தைக் கவனியுங்கள்

பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேரடியாகக் கரையை ஒட்டி நிற்கும். ஃபூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை அனுப்புவது வழக்கம். படகுக்கு வரிசை எண் கொடுப்பார்கள். காலையில் முதல் அலையில் போங்கள். இல்லையென்றால் காலை உணவை நிதானமாக முடித்துவிட்டுப் போங்கள். நடுவில் போனால் காத்திருப்புதான்.

திரும்பும்போது இன்னும் கவனம் தேவை. தாய்லந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்து, உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லந்து நேரத்துக்கு மாறியிருந்தால்? கைப்பேசியில் மணி 4, கப்பலில் மணி 5. கடைசிப் படகு போயிருக்கும். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. இறங்குமுன் கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

தவிர்க்கக் கூடாத ஒரே வரிசை

அவசர காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சி அது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். அப்படித் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு.

2012 ஜனவரி 13. இத்தாலியக் கடற்கரைக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் 4,200க்கும் அதிகமானோர் இருந்தனர். 32 பேர் மாண்டனர். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல் அது மாறியது. கப்பல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடக்க வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் காணொளியைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்தால் போதும். ஏறியவுடன் போனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் போனால் அங்கேயும் வரிசைதான்.

நினைவில் வைக்க வேண்டியவை: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்றால் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. படியில் இறங்க முடியாதவர் குடும்பத்தில் இருந்தால், முதல் நாளே ஊழியரிடம் சொல்லி, உதவி எப்படி வரும் என்று கேட்டு வையுங்கள்.

கூட்டத்தில் பரவும் இன்னொன்று நோரோ கிருமி. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதற்குக் கைத்தூய்மி அவ்வளவாக உதவாது; சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பஃபே வாசலில் கைகழுவும் இடத்தில் வரிசை இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள்.

நிற்கத்தான் வேண்டும் என்றால்?

ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் 90 பேர், நிமிடத்துக்கு 6 பேர் என்றால் 15 நிமிடம். நிற்கலாம். நிமிடத்துக்கு 2 பேர்தான் என்றால் 45 நிமிடம். அப்புறம் வரலாம்.

இன்னொன்று: ஆளுக்கு ஒரு முக்கிய ஆசையைப் பயணத்துக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்காக மட்டும் வரிசையில் நில்லுங்கள். மற்றவை காலியாக இருந்தால் பார்ப்போம், இல்லையென்றால் விட்டுவிடுவோம். பிள்ளைகளிடமும் இதை முன்கூட்டியே பேசி வைத்தால் கப்பலில் சண்டை குறையும்.

கடைசி நாள் காலை

ஆக நீளமான வரிசை பல நேரங்களில் கடைசியில்தான் வரும். வாடிக்கையாளர் சேவை முகப்பில் கடைசி இரவு கூட்டம் அலைமோதும். கணக்கில் ஏதும் தவறு இருக்கிறதா என்று முந்திய நாளே செயலியில் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.

நாடு திரும்புவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். கப்பலில் இணையம் மெதுவாக இருக்கலாம். சிக்னல் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

பெட்டியை நீங்களே இழுத்துப் போக முடிந்தால் முதலிலேயே இறங்கலாம். பெரியவர்களுடன் போகிறவர்கள் பெட்டியை முந்திய இரவே அறைக்கு வெளியே வைத்துவிட்டு, கடைசிக் குழுவில் இறங்குங்கள். மருந்தும் கடப்பிதழும் மறுநாள் உடுத்தும் துணியும் அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.