மனித மூளை

மனித மூளை என்பது மண்டையோட்டினுள் அமைந்துள்ள, மைய நரம்பு மண்டலத்தின் தலைமை உறுப்பு ஆகும். இதன் அடிப்பகுதி தண்டுவடமாகத் தொடர்ந்து முதுகெலும்பினுள் இறங்குகிறது. வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. இது உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே. எனினும் ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறக்குறைய 20 விழுக்காடு மூளைக்கே செலவாகிறது.

மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் (நியூரான்கள்) இருப்பதாகப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. 2009 ஆம் ஆண்டில் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கீட்டின்படி இவ்வெண்ணிக்கை சுமார் 8,600 கோடி ஆகும். வியப்பளிக்கும் வகையில், இவற்றுள் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் உள்ளன.

உறைகள்

மூளையை மூன்று சவ்வுகள் சூழ்ந்துள்ளன. வெளிச்சவ்வு தடித்தது, உட்சவ்வு மூளையின் மேற்பரப்போடு ஒட்டியது. நடுச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையில் மூளைத் தண்டுவடத் திரவம் நிரம்பியுள்ளது. மூளை இத்திரவத்தில் மிதப்பதால் அதன் எடை 50 கிராம் அளவே இருப்பது போலாகிறது. இல்லையெனில் மூளையின் அடிப்பகுதி அதன் சொந்த எடையாலேயே நசுங்கும்.

பெருமூளை

மூளையின் மிகப் பெரிய பகுதி பெருமூளை ஆகும். இது வலது, இடது என இரு அரைக்கோளங்களாகப் பிரிந்துள்ளது. சுமார் 20 கோடி நரம்பிழைகளைக் கொண்ட ஒரு பட்டை இவ்விரண்டையும் இணைக்கிறது. பெருமூளையின் மேலடுக்கான புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உடையது; சாம்பல் நிறமானது. இது மடிந்து மடிந்து அமைந்துள்ளதால் மிகுந்த பரப்பு சிறிய இடத்தில் அடங்குகிறது.

நெற்றிக்குப் பின்னுள்ள மடல் திட்டமிடுதல், தன்னடக்கம், இயக்கம் ஆகியவற்றுக்குரியது. உச்சியை ஒட்டிய மடல் தொடுவுணர்வையும், காதுக்கு மேலுள்ள பொட்டு மடல் கேட்டலையும், பிடரி மடல் பார்வையையும் ஆள்கின்றன. பார்ப்பது கண்ணால் என்றாலும், பிடரி மடல் முற்றும் சிதைந்தால் நலமான கண்கள் இருந்தும் பார்வை இல்லை.

இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தையும், வலப்பக்க மூளை இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. இயக்க நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிச் செல்வதே இதற்குக் காரணம்.

பேச்சும் இடப்பக்க மூளையும்

மூளையின் பணிகளைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி, அது பழுதுற்றவர்களிடமிருந்தே கிடைத்தது. பாரிசை அடுத்த பிசேத்ர மருத்துவமனையில் லெபோர்ஞ் என்னும் நோயாளி 21 ஆண்டுகள் இருந்தார். பிறர் சொல்வது அவருக்குப் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது 'தான்' என்ற ஓரசை மட்டுமே. (இது தமிழ்ச் சொல்லன்று, பொருளற்ற ஒலி.) நாளடைவில் அவரது வலக்கையும் பின்னர் வலக்காலும் செயலிழந்தன. 1861 ஏப்ரலில் அவர் இறந்தபின் அறுவை மருத்துவர் பவுல் புரோக்கா அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க நெற்றி மடலில் சிதைவைக் கண்டார். அவ்விடம் இன்று புரோக்கா பகுதி எனப்படுகிறது. அம்மூளை பாரிசில் பாதுகாக்கப்பட்டு வந்ததால், 2007 இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் காந்த அதிர்வுப் படம் எடுக்க முடிந்தது. சிதைவு, புரோக்கா வெளியிலிருந்து கண்டதைவிட ஆழமாகப் பரவியிருந்தது அதில் தெரியவந்தது. ஆகவே பேச்சை ஒரே புள்ளியில் அடக்கிக் கூறுவது பொருந்தாது.

வலக்கைப் பழக்கமுள்ளோருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழித்திறன் இடப்பக்க மூளையிலேயே மேலோங்கியுள்ளது. வலப்பக்கம் வாதம் கண்டவர்கள் பலர் பேச்சையும் இழப்பது இதனாலேயே. அவ்வாறு பேச இயலாதவரை அறிவிழந்தவராகக் கருதுவது பெரும் பிழை. லெபோர்ஞைப் போல், சொல்வதைப் புரிந்துகொள்பவராக அவர் இருக்கலாம்.

சிறுமூளையும் மூளைத்தண்டும்

பெருமூளையின் பின்புறம் கீழே சிறுமூளை உள்ளது. உடற் சமநிலையும் அசைவுகளின் ஒழுங்கும் இதன் பொறுப்பு. மது அருந்தியவர் தள்ளாடுவது பெரிதும் இப்பகுதியின் தடுமாற்றத்தாலாகும்.

நடுமூளை, பான்ஸ், முகுளம் ஆகியன சேர்ந்து மூளைத்தண்டு ஆகும். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல் ஆகியவற்றை இது நெறிப்படுத்துகிறது. பெருமூளையில் ஒரு பகுதியை இழந்தும் மனிதர் வாழ்கின்றனர். ஆனால் முகுளத்தில் ஏற்படும் சிறு சிதைவும் உயிரைப் பறிக்கக்கூடும்.

குருதி வழங்கல்

கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு தமனிகள் மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்கின்றன. மூளையில் எரிபொருள் சேமிப்பு இல்லை என்றே கூறலாம். குருதி ஓட்டம் முழுதும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் இறக்கத் தொடங்கும்.

ஒரு தமனியில் மட்டும் அடைப்போ வெடிப்போ ஏற்பட்டு மூளையின் ஒரு பகுதி சிதைவதே பக்கவாதம் ஆகும். திடீரென வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். இவை சிறிது நேரத்தில் மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டியது. குருதிக் கசிவு உள்ளவருக்கு அம்மருந்து கேடு விளைவிக்கும்; எனவே முதலில் தலையைப் படமெடுத்துப் பார்ப்பர். இதற்கும் நேரம் தேவைப்படுவதால், அறிகுறி தொடங்கிய நேரத்தை, அல்லது நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட நேரத்தை, உடனிருப்போர் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.