மூன்று திறப்புகள்

கண்டி மாநகரின் பெருமைகளுள் தலையாயது தலதா மாளிகை. அங்கே புத்தபெருமானின் புனித தந்தம் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த ஏழு பேழைகளுள் வைத்துப் போற்றப்படுகின்றது. அதற்குரிய திறப்புகள் மூன்று. மல்வத்தை மகாநாயக்க தேரர், அஸ்கிரிய மகாநாயக்க தேரர், தியவடன நிலமே ஆகிய மூவரும் ஆளுக்கொன்றாய் அவற்றைக் காக்கின்றனர். மூவரும் ஒருங்கு கூடினாலன்றிப் பேழை திறவாது.

தந்தத்தை உடையவரே நாட்டை ஆளும் உரிமை உடையவர் என்பது கண்டி மக்களின் பழைய நம்பிக்கை. ஆதலின் திறப்பைப் பற்றிய வழக்கு ஆட்சியைப் பற்றிய வழக்கேயாயிற்று. நாயக்க வமிசத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டபின், 1815 மார்ச் 2ஆம் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையிலே பௌத்த சமயத்தைக் காப்பதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். எனினும் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பிக்குமார் தந்தத்தை மறைவாகக் கொண்டு சென்றனர். அதனை மீட்ட ஆங்கிலேயர், காவலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். கிறிஸ்தவ அரசாங்கம் இப்பணியைச் செய்தல் தகாது என்று 1839இல் ஸ்பென்ஸ் ஹார்டி என்னும் பாதிரியார் நூல் எழுதிக் கண்டித்தார். 1847இல் பொறுப்பு நம் நாட்டவரிடம் வந்தது. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் மீண்டும் பறிபோயிற்று. 1853இலேயே திரும்பக் கிடைத்தது.

இவ்வழக்கு தீராதிருந்த அந்நாளிலே, இலண்டனில் வேறொரு பூட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. பிராமா என்பார் செய்த பூட்டினுள் 18 தகடுகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்திற்கு அழுந்தினாலன்றிப் பூட்டு அசையாது. அதனைத் திறப்பின்றித் திறப்போருக்கு 200 கினி பரிசென்று கடை வாயிலிலே விளம்பரம் வைத்திருந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவராலும் இயலவில்லை. 1851ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கராகிய ஹாப்ஸ், 16 நாள்களில் 51 மணி நேரம் பொறுமையோடு முயன்று அதனைத் திறந்துவிட்டார்! பூட்டுகளை ஆராய்ந்து திறப்பதை இன்றும் பொழுதுபோக்காகக் கொண்டோர்க்கு அவரே முன்னோடி.

இவ்விரண்டு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. ஒருவன் புத்தி செய்த பூட்டை இன்னொருவன் புத்தி திறந்துவிடும். மூவர் கையிற் பிரிந்திருக்கும் திறப்பை ஒருவன் தந்திரத்தாற் பெறுதல் அரிது. அம்மூவருள் ஒருவர் மனம் கெட்டாலும் மற்றை இருவர் காவல் நிற்பர். நம் ஆலயங்களிலும் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டிட்டு, வெவ்வேறு கையிலே திறப்பைக் கொடுக்கும் வழக்கமுண்டு. அது எவரையும் ஐயுறுவதன்று. பொதுப்பொருளைத் தொடுவோரைப் பழியினின்றும் காப்பது. நாளை சங்கங்களையும் ஆலயங்களையும் பொறுப்பேற்கவிருக்கும் இளைஞர்கள் இதனை மனங்கொள்வார்களாக. இரும்பினும் வலியது கூட்டுப் பொறுப்பு.