கை மாறிய வண்டி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வாசலூர்பட்டிக்கு நான் போனது இயற்கை எழிலைப் பருக அன்று. ஒரே ஒரு கையெழுத்துக்காக. என் பழைய ஜீப்பை வாங்கிய மிளகு வியாபாரி, பதிவுப் புத்தகத்தில் பெயரை மாற்றிக் கொள்ளவே இல்லை.

"அதுக்கென்னங்க, வண்டியைத்தான் போன வருசமே வேறொருத்தருக்குக் குடுத்துட்டனே!" என்றார் மனிதர், காப்பியை ஆற்றிக்கொண்டே.

எனக்குப் பகீரென்றது.

இந்த மலையே கை மாறிய சொத்துதான். ஓரியைக் கொன்ற காரி, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். கல்லாடனார் அதை அகநானூற்றில் பதிவு செய்து வைத்தார், வில்லங்கம் எழவில்லை. வண்டிக்கு அப்படியொரு புலவர் வாய்ப்பதில்லையே! அதனால்தான் வண்டி கை மாறினால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநிலத்துக்குள் விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள் என்று கெடு வைத்தது. 29, 30 எண் படிவங்கள் இதற்காகவே அச்சாகின்றன. யார் பொருட்படுத்துகிறார்கள்? வடக்கே 2007ல் விற்கப்பட்ட ஒரு கார், பல கை மாறி, 2009ல் ஓர் உயிரைக் குடித்தது. பதிவில் பழைய பெயரே இருந்ததால், விற்றவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பென்று 2018ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

ஜீப் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கீழேதாங்க, எங்கயாச்சும் ஓடிக்கிட்டிருக்கும்" என்றார்.